பெட்டியில் புற்றுநோய், உள்ளே நல்ல தேயிலை

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பச்சைத் தேயிலை, நல்ல தேயிலை. புற்றுநோயைத் தடுக்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது பொய். இரண்டுக்கும் சேர்த்து நூறு கிராமுக்கு 2,400 ரூபாய் வாங்குகிறார்கள். தேயிலைக்கு மட்டும் என்றால் அதில் கால்பங்குகூடப் பெறாது.

வாங்கிய இடம் நுவரெலியா மாவட்டத்தில், சுற்றுலாப் பஸ்கள் வந்து நிற்கும் ஒரு விற்பனை நிலையம். கடையின் பெயரையும் தேயிலையின் பெயரையும் எழுதப் போவதில்லை. இதே வாசகத்தை முதுகில் ஒட்டிக்கொண்டு வேறு பல பெட்டிகளும் மலையகக் கடைகளில் நிற்கின்றன. ஒருவரை மட்டும் பிடித்துச் சந்தியில் நிறுத்துவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

வாங்கியவள் என் மனைவியின் அக்கா மகள். கொழும்பில் வேலை செய்கிறாள். அவளுடைய அம்மா மார்புப் புற்றுநோய்க்காக மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றுவிட்டு, இப்போது மாத்திரைகளும் கிளினிக்குமாக ஹட்டனில் எங்களோடு இருக்கிறார். பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "சித்தப்பா, நீங்கள் ஸ்டோரில் இருந்தவர்தானே, இது நல்ல சரக்கா என்று பார்த்துச் சொல்லுங்கள். நல்லதென்றால் அம்மாவுக்கு மாதாமாதம் வாங்கிவிடுகிறேன்" என்றாள். நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கராக இருந்து ஓய்வுபெற்றவன். வாழ்நாளில் பெரும்பகுதி கறுப்புத் தேயிலையோடு போனது. கடைசிக் காலத்தில் பச்சைத் தேயிலைக்கென்று ஒரு சிறிய பிரிவைப் போட்டு அதையும் என் தலையில் கட்டினார்கள். ஆகவே சரக்கைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் உண்டு. நோயைப் பற்றிய பகுதியை, ஆய்வுகளைத் தேடிப் படித்தும் கிளினிக்கில் கேட்டும் எழுதுகிறேன்.

பெட்டி நல்ல கனமான மட்டை. ஓரத்தில் தங்க நிறம். முன்பக்கத்தில் கொழுந்து எடுக்கும் பெண் ஒருத்தி சிரிக்கிறாள்; இடுப்பில் சுற்றும் படங்குத் துணி இல்லை, காலில் சேறு இல்லை, சேலையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. இப்படியொரு பெண்ணை எந்த மலையிலும் நான் கண்டதில்லை. கீழே "ஐயாயிரம் ஆண்டுப் பாரம்பரியம்" என்று போட்டிருக்கிறார்கள். சீனாவில் தேயிலைக்கு அப்படியொரு கதை உண்டு. இங்கே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரயில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல். நம் முன்னோர் கோப்பிக்காக வந்து, கோப்பி நோயில் அழிந்த பிறகு தேயிலைக்கு மாறியவர்கள். ஐயாயிரம் ஆண்டை எங்கள் தலையில் ஏற்ற வேண்டாம்.

பின்பக்கத்தில் மும்மொழியிலும் மூன்று வரிகள். "புற்றுநோயைத் தடுக்கும். கட்டிகளின் வளர்ச்சியை நிறுத்தும். தினமும் மூன்று கோப்பை சுடச்சுட அருந்தவும்." பக்கத்தில் மார்புப் புற்றுநோய் விழிப்புணர்வின் அடையாளமான ஓர் இளஞ்சிவப்பு நாடா. வாங்குகிறவன் தெரிந்துகொள்ள வேண்டிய விபரம் எதுவும் கிடையாது: எந்தத் தோட்டம், எந்த உயரம், நீராவியில் அவித்ததா, சட்டியில் வறுத்ததா, என்ன தரம், எதுவுமில்லை. காலாவதித் திகதி மட்டும் உற்பத்தியிலிருந்து மூன்று வருடம் தள்ளிப் போட்டிருக்கிறது. பச்சைத் தேயிலை அவ்வளவு காலம் மணம் தாங்காது. உடைத்த பெட்டியை இரண்டு மூன்று மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். அதுவும் வெயிலும் ஈரமும் படாத மூடிய தகரத்தில் வைத்தால்தான்.

இனி உள்ளே. வெள்ளைக் கடதாசியில் கொட்டிப் பார்த்தேன். கன்பவுடர் தரம், அதாவது உருண்டையாகச் சுருட்டியது. உருண்டைகள் ஏறத்தாழ ஒரே அளவு. நிறம் மங்கிய சாம்பல் கலந்த பச்சை. கையில் எடுத்தால் கனம் தெரிந்தது. லேசாக இருந்தால் வயதான இலை என்று பொருள். தூள் மிகக் குறைவு. தண்டும் நாரும் தேடினேன், கண்ணை உறுத்தும் அளவுக்கு இல்லை. இவ்வளவில் மனம் இளகிவிட்டது என்பதை மறைக்கப் போவதில்லை. சுருட்டத் தெரிந்த யாரோ ஒருவர் அந்த ஸ்டோரில் இருக்கிறார்.

ஊற்றிப் பார்ப்பதற்கு என்னிடம் ருசி பார்க்கும் மூடிக் கோப்பையும் சிறிய தராசும் இருக்கின்றன. நூறு மில்லிலீற்றருக்கு இரண்டு கிராம், ஆறு நிமிடம். சர்வதேச முறை அதுதான். குடிப்பதற்கு இந்த முறை ஆகாது, கசந்து போகும். குற்றம் கண்டுபிடிப்பதற்காகத்தான் கொதிநீரை ஊற்றி ஆறு நிமிடம் வைப்பது. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,270 மீற்றர் அளவு உயரம், ஆகவே எங்கள் கேத்தல் 96 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். நுவரெலியாவில் 94. கீழ்நாட்டில் அச்சடித்த ஊற்றும் முறையை மேலே அப்படியே செய்தால் சிறிய வித்தியாசம் வரும் என்பதற்காகச் சொன்னேன்.

ஆறு நிமிடம் கழித்துத் தண்ணீரை வடித்துவிட்டு, ஊறிய இலையை மூடியின் மேல் கவிழ்த்து விரித்தேன். எந்தத் தேயிலையும் பொய் சொல்ல முடியாத இடம் இதுதான். உருண்டைகள் மெதுவாக அவிழ்ந்து முழு இலையாகின. பெரும்பாலும் கொழுந்தும் இரண்டு இலையும். இடையிடையே மூன்றாம் இலை, பாதி ஒடிந்து. நிறம் சீரான பச்சை. நான்கைந்து இலைகளில் மட்டும் ஓரம் சிவந்திருந்தது. அந்தச் சிவப்புக்குக் காரணம் உண்டு: கொழுந்துச் சாக்கை அமுக்கிக் கட்டி, மடுவம் என்ற கொட்டகையில் எடை போட்டபின் லொறியில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் உள்ளே சூடேறி, அவிப்பதற்கு முன்பே இலை ஓரத்தில் சிவந்துவிடும். கறுப்புத் தேயிலைக்கு இது பெரிய குற்றமில்லை. பச்சைக்குக் குற்றம். எடுத்தவர்கள்மேல் பிழையில்லை, லொறி தாமதமாக வந்திருக்கும்.

சாயம் வெளிர் மஞ்சள், அடியில் லேசான பச்சை. மணத்தில் பாசிப்பயறு வறுக்கும் வாசனை. அதிலிருந்தே சட்டியில் வறுத்துப் பதப்படுத்தியது என்று தெரிந்துகொள்ளலாம். நீராவியில் அவித்திருந்தால் புல்லும் கீரையும் சேர்ந்த பச்சை வாடை வரும். முதல் வாயில் துவர்ப்பு நாக்கின் இரு பக்கத்தையும் பிடித்தது. விழுங்கிய பிறகு தொண்டையில் மெல்லிய இனிப்பு நின்றது. அடுத்து 80 பாகைத் தண்ணீரில் மூன்று நிமிடம் ஊற்றிக் குடித்தேன். துவர்ப்புப் பாதியாகி, இனிப்பு முன்னுக்கு வந்தது. அதே இலையில் இரண்டாம் தண்ணீரும் ஊற்றலாம். மூன்றாம் தண்ணீர் வீண். மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி போடாமல் இதை யார் குடிப்பது" என்று கேட்டுவிட்டுத் தன் பிளேன்டீக்குப் போய்விட்டார். அவர் தீர்ப்பையும் பதிவு செய்துவிட்டேன்.

கடையில் அந்தப் பிள்ளையிடம், "இது விசேஷமான செடி" என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு விசேஷமும் இல்லை. கறுப்புக்கும் பச்சைக்கும் ஒரே செடி, ஒரே கொழுந்து. கறுப்புத் தேயிலைக்கு இலையை இரவு முழுக்க வாட்டி, ரோலரில் போட்டுப் பிசைகிறோம். பிசையும்போது கலங்கள் உடைந்து, உள்ளேயுள்ள நொதியமும் கட்டெச்சின் என்ற பொருள்களும் ஒன்றோடொன்று கலந்து காற்றில் ஒட்சியேற்றம் அடைகின்றன. அப்போதுதான் செம்பு நிறமும் தேயிலை மணமும் வருகின்றன. பச்சைக்கு வாட்டுவதில்லை, இலை வந்த சில மணி நேரத்துக்குள் நீராவியோ சூடான சட்டியோ காட்டி அந்த நொதியத்தைச் செயலிழக்கச் செய்துவிடுகிறோம். அதனால் கட்டெச்சின் இருந்தபடியே இருக்கிறது. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் இன்று இருப்பது எங்கள் தலவாக்கலையில்தான். அங்கே பயிற்சிக்குப் போனபோது முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் இது.

பெட்டிக்காரர் பிடித்துக்கொண்டிருப்பது இந்தக் கட்டெச்சினைத்தான். அதில் முக்கியமானது எபிகலோகட்டெச்சின் கலேட், சுருக்கமாக ஈஜிசிஜி. ஒரு கோப்பை பச்சைத் தேநீரில் சாதாரணமாக 50 முதல் 100 மில்லிகிராம் வரை இருக்கும். ஆய்வுகூடத்தில் புற்றுநோய்க் கலங்களைப் பாத்திரத்தில் வளர்த்து அதன்மேல் ஈஜிசிஜியை ஊற்றினால் கலங்கள் வளர்ச்சி குன்றிச் சாகின்றன. எலிகளுக்குக் கொடுத்தபோதும் பல சோதனைகளில் கட்டிகள் குறைந்தன. இவை உண்மை, யாரும் கட்டிவிட்ட கதை இல்லை. ஆனால் பாத்திரத்தில் ஊற்றும் செறிவு வேறு, மனிதன் குடித்த பிறகு இரத்தத்துக்குப் போய்ச் சேரும் செறிவு வேறு. குடித்ததில் மிகச் சிறு பங்குதான் குடலைத் தாண்டுகிறது. ஆய்வுகூடத்தில் பயன்படுத்தும் அளவு பெரும்பாலும் அதைப்போலப் பத்து மடங்கு, நூறு மடங்கு.

சரி, மனிதர்களைப் பார்ப்போம் என்றால், பார்க்க வேண்டிய ஊர் ஜப்பான். காலை முதல் இரவு வரை பச்சைத் தேநீர் குடிக்கிறவர்கள் அவர்கள். மியாகி மாவட்டத்தில் 26,000க்கு மேற்பட்டோரைப் பல வருடம் பின்தொடர்ந்து 2001இல் வெளிவந்த ஆய்வில், அதிகம் குடித்தவர்களுக்கு இரைப்பைப் புற்றுநோய் குறையவில்லை. அதே மாவட்டத்தில் 40,530 பேரை 11 வருடம் கவனித்த இன்னோர் ஆய்வு 2006இல் வந்தது. அதில் அதிகம் குடித்தவர்களிடையே மொத்த மரணமும், இருதய இரத்தக்குழாய் நோய் மரணமும் குறைவாக இருந்தன. புற்றுநோய் மரணத்தில் வித்தியாசம் தெரியவில்லை. பெட்டிக்காரர் கொஞ்சம் படித்திருந்தால் இருதயத்தைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கலாம். அதுகூட அவதானிப்புத்தான்; தேநீரால் குறைந்ததா, தேநீர் குடிக்கிறவர்களின் மற்றப் பழக்கங்களால் குறைந்ததா என்று அதை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

மறு பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நானும் பெட்டிக்காரரைப் போலாகிவிடுவேன். இத்தாலியில் புரஸ்தசுரப்பியில் புற்றுநோய்க்கு முந்திய மாற்றம் கண்ட 60 ஆண்களைப் பிரித்து, பாதிப் பேருக்கு ஒரு வருடம் தினமும் 600 மில்லிகிராம் கட்டெச்சின் கொடுத்தார்கள். கொடுத்த 30 பேரில் ஒருவருக்கும், வெற்று மாத்திரை எடுத்த 30 பேரில் ஒன்பது பேருக்கும் புற்றுநோய் வந்தது. 2006இல் இது பெரிய செய்தி. இப்படியொரு முடிவைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும், எனக்கும் வந்தது. பிறகு அமெரிக்காவில் 97 பேரை வைத்து அதே மாதிரிச் சோதனை நடந்தது. 2015இல் வெளிவந்த அதன் முடிவில், புற்றுநோய் வந்தோரின் எண்ணிக்கையில் நம்பத்தகுந்த வித்தியாசம் இல்லை. சிறு கூட்டத்தில் தெரிந்தது அடுத்த கூட்டத்தில் காணாமல் போய்விட்டது.

இப்படிச் சிதறிக் கிடப்பவற்றையெல்லாம் ஒன்றுதிரட்டி எடைபோடுவது கொக்ரேன் என்ற அமைப்பின் வேலை. 2020இல் அவர்கள் வெளியிட்ட மீளாய்வில் 142 ஆய்வுகள், பதினொரு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். அந்த 142இல் மருந்து கொடுத்துப் பார்க்கும் வகைச் சோதனை 11 மட்டுமே, மீதி அவதானிப்பு. பச்சைத் தேநீர் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் குறைக்கிறதா என்பதில் ஆதாரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்பதுதான் அவர்கள் முடிவு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்திடம் 2004இலேயே ஒரு விண்ணப்பம் போயிருந்தது, புற்றுநோய் அபாயத்தைக் குறைக்கும் என்று பெட்டியில் போட அனுமதி கேட்டு. மார்பு, புரஸ்தசுரப்பிப் புற்றுநோய்களைக் குறைக்கும் என்பது மிகவும் நம்பத்தகாதது என்று 2005இல் பதில் வந்தது. அங்கே இந்த மறுப்பைச் சேர்க்காமல் போட முடியாததை இங்கே மும்மொழியில் போடுகிறார்கள்.

முதல் வரியைக்கூட விற்பனைப் பேச்சு என்று தள்ளிவிடுவேன். இரண்டாவது வரிதான் கோபத்தைக் கிளப்பியது. "கட்டிகளின் வளர்ச்சியை நிறுத்தும்" என்பது ஏற்கெனவே கட்டி உள்ளவருக்காக எழுதிய வரி. மலையகத்திலிருந்து மகரகமவுக்குப் போய்வருவது என்றால் என்ன என்பது போனவர்களுக்குத் தெரியும். விடியுமுன் பஸ், கூட ஒருவர், அந்த ஒருவருக்கு அன்றைய பேர், அதாவது நாட்கூலி, இல்லை, சாப்பாடு, திரும்பி வர இரவு. இத்தனையையும் கணக்குப் பார்த்துச் சோர்ந்திருக்கும் ஒருவர் கையில் இந்தப் பெட்டியைக் கொடுத்தால் அடுத்த கிளினிக் திகதியைத் தள்ளிப்போட அதுவே சாக்காகிவிடும். எங்கள் வீட்டிலேயே மதினி பெட்டியை வாசித்துவிட்டு, "இதைக் குடித்தால் மாத்திரையைக் குறைக்கலாமா?" என்று கேட்டார்.

கிளினிக்கில் மருத்துவரிடம் கேட்டோம். இரண்டு கோப்பை குடிப்பதில் தடையில்லை, சாப்பாட்டோடு சேர்த்து மட்டும் குடிக்க வேண்டாம் என்றார். மதினிக்கு இரத்தம் குறைவு; தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும். இது கறுப்புத் தேயிலைக்கும் பொருந்தும். ரொட்டியும் பிளேன்டீயுமாகவே காலையை முடித்துக்கொண்டு மலைக்குப் போகும் பெண்கள் அதைக் கேட்டுக்கொள்வது நல்லது; ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும்.

அதே கடையில், அதே தட்டில், பச்சைத் தேயிலைச் சாறு அடைத்த மாத்திரைப் போத்தலும் வைத்திருக்கிறார்கள். அறுபது மாத்திரைக்கு 6,900 ரூபாய். இதை மருத்துவரிடம் காட்டியபோது அவர் முகம் மாறியது. நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்குமேலோ ஈஜிசிஜியை மாத்திரையாக எடுப்பவர்களுக்கு ஈரல் நொதியங்கள் ஏறுவதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இல் எடுத்துக் காட்டியிருக்கிறது. கோப்பையில் குடிக்கும்போது அந்த அளவை ஒரேயடியாக எட்டுவது கடினம், மாத்திரையில் எளிது. இன்னொன்றும் உண்டு. மைலோமா என்ற இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் போர்டெசோமிப் என்ற மருந்தோடு ஈஜிசிஜி நேரடியாகப் பிணைந்து அதன் வேலையைக் கெடுக்கிறது என்று 2009இல் ஆய்வுகூடத்தில் கண்டார்கள். புற்றுநோயைத் தடுக்கும் என்று விற்கும் பொருள், புற்றுநோய் மருந்தையே தடுத்துவிடலாம் என்றால் சிரிப்பதா அழுவதா? சிகிச்சையில் இருப்பவர்கள் இந்தப் போத்தலை வாங்கிய பிறகு கேட்க வேண்டாம், வாங்குமுன் கேளுங்கள். மாத்திரைக்கு என்னிடமிருந்து ஒரு புள்ளியும் கிடையாது.

மூன்றாவது வரி, "சுடச்சுட அருந்தவும்". பெட்டி முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த வரி இதுதான், ஏனென்றால் எழுதியவருக்கே தெரியாமல் முதல் வரியை அது அடித்துவிடுகிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2016இல் 65 பாகைக்கு மேற்பட்ட மிகச் சூடான பானங்களை, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்ற வகைகளில் இரண்டாம் நிலையில் வைத்தது. பாதிப்பு உணவுக்குழாய்க்கு. காரணம் சூடுதான், தேயிலையின்மேல் பழி இல்லை. ஈரானின் கோலஸ்தான் பகுதியில் ஐம்பதாயிரம் பேரை வைத்துச் செய்து 2019இல் வெளியான ஆய்வு, 60 பாகைக்கு மேற்பட்ட தேநீரை நாளொன்றுக்கு 700 மில்லிலீற்றருக்கு அதிகமாகக் குடித்தவர்களிடையே அந்தப் புற்றுநோய் கூடுதலாக இருந்ததைக் காட்டியது.

எங்கள் பக்கம் குளிர். கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதே வீரம். சரி பார்ப்போம் என்று வெப்பமானியை எடுத்து அளந்தேன். கேத்தலிலிருந்து நேரே தடித்த கோப்பையில் ஊற்றினால் 85 பாகைக்குக் குறையவில்லை. என் மைத்துனர் அந்தச் சூட்டிலேயே உறிஞ்சத் தொடங்கிவிடுவார். பச்சைத் தேயிலையை 80 பாகைத் தண்ணீரில் மூன்று நிமிடம் ஊற்றி வேறு கோப்பைக்கு வடித்தால் 65 அளவில் வந்து நிற்கிறது. இன்னும் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்தால் ருசியும் திறக்கும், தொண்டையும் தப்பும். ஆக, இந்தத் தேயிலையை நன்றாகக் குடிக்கும் முறையும் பாதுகாப்பாகக் குடிக்கும் முறையும் ஒன்றே. பெட்டியில் எழுதியிருப்பது அதற்கு நேரெதிர்.

புற்றுநோயைத் தடுப்பதில் உண்மையாக அக்கறை இருந்தால் எங்கள் தோட்டக் குடியிருப்பு லயங்களில் பேச வேண்டிய பொருள் வேறு. இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கோடு போடும் வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்பதை அதே முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுப்பில் முதல் நிலையிலேயே வைத்துவிட்டது. மலையில் பசியையும் குளிரையும் மறக்க வாயில் அடக்கிக்கொள்ளும் அந்த உருண்டையை விட்டவர்களை எனக்குத் தெரியும். விடாமல் கன்னத்தில் வெள்ளைத் திட்டோடு வந்தவர்களையும் தெரியும். ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு 2017 முதல் பாடசாலையிலேயே கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான தடுப்பூசி இலவசமாகப் போடுகிறார்கள். 2,400 ரூபாய்ப் பெட்டிக்கு இருக்கும் விளம்பரம் அதற்கு இல்லை. பணம் கேட்காத பொருளுக்கு யார் தங்க ஓரம் போடுவார்கள்?

கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும், விமர்சனம் என்று எழுத வந்துவிட்டு அதை விடுவது நியாயமில்லை. அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நானே போனேன். வாகனம் நிறுத்த இடம் தாராளம். கழிவறை சுத்தம், அதுவும் விடுமுறை நாளில். உள்ளே போனதும் இலவசமாக ஒரு சிறு கோப்பை தருகிறார்கள், அளவான சூட்டில், அளவான நேரம் ஊற்றி. அதை ஊற்றிய பெண்ணிடம் யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டேன். அப்பா ஸ்டோரில் வேலை என்றாள். தமிழில் கேட்டால் தமிழில் பதில் வருகிறது. விலைப்பட்டியலில்தான் தமிழ் இல்லை.

பெட்டியின் பின்பக்கத்தைக் காட்டி, விற்பனைக்கு நின்ற இளைஞரிடம் இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டு, "ஐயா, அச்சடிப்பது கொழும்பில். எங்களுக்கு வருவதை விற்கிறோம்" என்றார். மரியாதையான பிள்ளை, அவரைக் கடிந்து பயனில்லை. முகாமையாளரைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் வந்து முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். வெளிநாட்டுக்காரர் அந்த வரியைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள் என்று ஒளிக்காமல் சொன்னார். உடைத்த பெட்டிக்குப் பணம் திருப்பித் தர முடியாது, உடைக்காமல் இருந்த மற்றப் பெட்டியைத் திருப்பி எடுக்கலாம் என்றார். எடுத்தும் கொண்டார், பற்றுச்சீட்டைக்கூடக் கேட்கவில்லை. வாசகத்தை மாற்றுவீர்களா என்பதற்கு மட்டும், "மேலே சொல்கிறேன்" என்றார். சேவைக்கு நல்ல புள்ளி கொடுக்கிறேன். மேலே யார் இருக்கிறாரோ, அவருக்குக் கொடுக்கவில்லை.

நான் ஸ்டோரில் இருந்தவன் என்று தெரிந்ததும் முகாமையாளர் குரலைக் குறைத்து, "பெட்டி இல்லாமல் வேண்டுமென்றால் பின்னால் இருக்கிறது" என்றார். கட்டடத்தின் பின்வாசலருகே உள்ளூர்க்காரருக்கு எடை போட்டுக் கொடுக்கும் மேசை ஒன்று. அங்கே இதே கன்பவுடர் கிலோ 5,500 ரூபாய். கால் கிலோ வாங்கி வந்து ஊற்றிப் பார்த்தேன். அதே உருண்டை, அதே வறுத்த மணம், ஓரம் சிவந்த அதே இலைகள். மதினி காலைச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து ஒரு கோப்பை குடிக்கிறார், அவருக்கு அந்தத் துவர்ப்புப் பிடித்திருக்கிறது. மாத்திரைகள் மருத்துவர் எழுதியபடியே போகின்றன.

போகிறவர்கள் முன்வாசல் தட்டுகளைத் தாண்டி நேரே பின்னால் போங்கள். மேசையில் மூன்று தகரங்கள் இருக்கும். முதலாவதில் இருப்பது தூள் கலந்த சிறு ரகம், விலை குறைவு, சீக்கிரம் கசக்கும். மூன்றாவது மல்லிகை மணம் ஏற்றியது, அது என் வாய்க்கு ஒத்துவரவில்லை. நடுவிலுள்ளதைக் கேளுங்கள். கையில் கொட்டிக் காட்டச் சொல்லுங்கள், காட்டுவார்கள். மதியத்துக்குள் போனால் நல்லது, அந்த மேசையை மூன்று மணிக்கே மூடிவிடுகிறார்கள்.